தூண் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆட்டிசப் பயிற்சி மையத்தில் இப்போது இருக்கிற ஆசிரியைகளில் அவள்தான் இளையவள். பழைய பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப் போகிறார்களாம். அந்த வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"மேடம், சிவப்பு மையில 'தூண் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது'ன்னு இருக்குதுங்க. உங்க கையெழுத்துதானுங்க அது. அதுக்குக் கீழ பென்சில்ல வேற கையெழுத்துல 'பதில் வந்தது'ன்னு ஒரு வரி இருக்குது. யாருங்க பதில் சொன்னது?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன் கண்ணு, அப்பறம் கூப்படறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்புறமும் கூப்பிடவில்லை. வாயால் சொன்னால் நடுவில் எங்காவது நிறுத்திவிடுவேன் என்று எனக்கே பயம். அதனால் எழுதுகிறேன், நிவேதா. அந்தப் பதிவேட்டோடு இதையும் சேர்த்து ஸ்கேன் செய்துகொள்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பி.எட். முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. சிறப்புக் கல்வியில் டிப்ளமோ வாங்கினால் உடனே வேலை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வாங்கினேன். அங்கே படித்ததெல்லாம் ஏட்டோடு சரி. முதல் நாளே ஒரு பையன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கக்கூஸில் போட்டான். அன்றைக்குத்தான் உண்மையில் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்க வைத்தவர் எஸ்தர் மேடம். மிஷன் ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் அவர் மாமனார் கட்டிய பழைய வீட்டை மையமாக்கி நடத்தினார். வெளிர்நிற வாயில் புடவை, வலது முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு, காதில் செருகிய பென்சில். பேனாவைத் தொட மாட்டார். "பேனாவுல எழுதுனா நாம எழுதுனது சரின்னு நமக்கே நெனப்பு வந்துருமுங்க" என்பார். மூன்று வயசுப் பிள்ளையிடமும் "வாங்க கண்ணு, உக்காருங்க"தான். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அந்தத் தணிந்த குரலுக்கு நாங்கள் எல்லோருமே நடுங்குவோம்.

அவர் எங்களுக்குப் பழக்கிய முதல் வேலை, பத்து எண்ணுவது. பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் மனசுக்குள் பத்து எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திரும்பக் கேட்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. மேடம் எண்ணும்போது, தொங்கவிட்ட கையில் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே நகரும். எத்தனையோ பிள்ளைகள் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"கேள்வி போய்ச் சேர நேரமாகுமுங்க. பதில் கெளம்பி வரவும் நேரமாகுமுங்க. ஒண்ணுலயே விட்டாலும் சரி, ஒம்போதுல விட்டாலும் சரி, அந்தப் புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாம காத்திருக்கல, அவ்வளவுதானுங்க."

புராணக் கதைகளைப் பயிற்சிக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சபையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்களாம். "அந்தப் புள்ள ஊட்டுச் செவுத்துல எந்தப் படம் தொங்குதோ அதுலருந்துதானுங்க ஆரம்பிக்கோணும்" என்று சொல்லிவிட்டார். சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வந்தால் மீன் வயிற்றில் யோனா இருந்த கதை. அதற்கென்று சாம்பல் நிறத் துணியில் ஒரு கூடாரமே தைத்து வைத்திருந்தோம்.

கதை என்றால் உட்கார்ந்து சொல்கிற கதை இல்லை, உடம்பால் செய்கிற கதை. பாற்கடல் கடைவதற்கு ஒரு தாம்புக் கயிறு. இந்தப் பக்கம் மூன்று பிள்ளைகள், அந்தப் பக்கம் நான். எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளை பத்து நிமிஷம் கயிறு இழுத்தால் அடுத்த கால் மணிநேரம் உட்காரும். தசைக்குக் கனமான வேலை கொடுத்தால் உடம்பு அமைதியாகும் என்பது கணக்கு. காளிங்கன் கதைக்குத் தரையில் ஐந்து வட்டப் பாய்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்ட வேண்டும். "மனுசங்க மொகம் நிமிசத்துக்கு நிமிசம் மாறுதுங்க. கதை மாறாது. அடுத்தது என்னன்னு தெரிஞ்சா இந்தப் புள்ளைங்களுக்குப் பயம் கொறையும்" என்பார் மேடம்.

ஒவ்வொரு கதைக்கும் ஒரு ரெக்ஸின் பட்டை. அதில் ஒட்டி எடுக்கிற மாதிரி படஅட்டைகள். ஒரு கட்டம் முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையைப் பிய்த்து ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டங் என்று சத்தம் வரும். அதுதான் 'முடிஞ்சது டப்பா'. எல்லா அட்டையும் டின்னுக்குள் போகாமல் எந்தப் பிள்ளையும் ஹாலை விட்டுப் போகக் கூடாது. மழை வந்தாலும், பஸ் போனாலும் சரி. இது மேடத்தின் இரண்டாவது சட்டம்.

தூண் கதைக்கு ஆறு அட்டை. ஒன்று, இரணியன் தொப் தொப் என்று நடப்பது. இரண்டு, "எங்கே இருக்கிறான்?" என்று நான் கேட்பது, பிள்ளை விரலை நீட்டுவது. மூன்று, தூண். "இந்தத் தூணில் இருக்கிறானா?" என்று நான் கேட்பேன். பிள்ளை மூன்று முறை தட்ட வேண்டும். பத்து எண்ண வேண்டும். நான்கு, மஞ்சள் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு டீச்சர் தூணுக்குப் பின்னாலிருந்து நரசிம்மராக வருவார், நீளமாக மூச்சு விடுவார், பிள்ளையும் கூட விட வேண்டும். ஐந்து, வாசற்படியில் உட்காருவது. உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, பகலும் இல்லை ராத்திரியும் இல்லை, தரையும் இல்லை வானமும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கையால் காட்டிச் சொல்வோம். உள்ளே, வெளியே, மேலே, கீழே எல்லாம் அதிலேயே படிந்துவிடும். வயிற்றைக் கிழிக்கிற கதையெல்லாம் எங்களிடம் கிடையாது. ஆறு, கோபம் தணியாமல் இருக்கிறவர் மடியில் பிரகலாதன் போய் உட்காருவது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்து மெல்ல அழுத்திப் பிடிப்போம். முரண்டு பிடிக்கிற பிள்ளைகூட அந்த அழுத்தத்தில் கண் சொக்கிப்போகும்.

தாரணி வந்தபோது அவளுக்கு ஏழு வயசு. சூலூர்ப் பக்கம் ஊர். அப்பா விசைத்தறி வைத்திருந்தார், வீட்டின் பின்சுவரை ஒட்டினாற்போல் தறிக்குடோன். அம்மா கோகிலா தினமும் இரண்டு பஸ் மாறிக் கூட்டிவருவாள். தாரணிக்குப் பேச்சு இல்லை, முகத்தைப் பார்க்க மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் வந்த முதல் நாளே நேராக எங்கள் ஹாலின் நடுத்தூணுக்குப் போய்க் காதை வைத்தாள். வைத்துக் கேட்டுவிட்டு முகம் வாடி, வெளியே போர்ட்டிகோ தூணுக்குப் போய் அதிலும் வைத்தாள்.

"ஊட்டுத் தூணு, தறி ஓடறப்ப அதிருமுங்க டீச்சர்" என்றாள் கோகிலா. "பொறந்ததுலருந்து அதுல சாஞ்சுதான் தூங்குவா. எல்லாத் தூணும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கறா போல."

எனக்குப் பொறி தட்டியது. இந்தப் பிள்ளைக்குத் தூண் கதையை விட்டால் வேறு கதையே கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வருவாள், அட்டையைத் தொட மாட்டாள், தூணில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, "இந்தத் தூணில் இருக்கிறானா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டில், தாரணி கையை மடக்கி, தூணை மூன்று முறை தட்டினாள். டொக், டொக், டொக். தட்டிவிட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். மேடத்தின் கையைப் பார்த்தே கற்றிருக்கிறாள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் புத்தி கெட்டது.

அந்த வாரம் எஸ்தர் மேடம் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமை மதியம்தான் வருவதாக இருந்தது. வெள்ளி மாலை பெற்றோர் கூட்டம். எல்லோர் முன்னாலும் தாரணி தட்ட, அடுத்த கட்டங்களுக்கும் போக, மேடம் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சாதாரணப் பிள்ளைகளிடம் கதையை உச்சத்தில் நிறுத்தினால் மறுநாள் ஓடிவரும் அல்லவா? இவளிடமும் செய்தால் என்ன? டிவி சீரியல்காரன் செய்கிற அதே வேலை. மூன்றாவது அட்டையில் நிறுத்தினேன். "மிச்சம் நாளைக்கு" என்றேன். மறுநாள் வந்து தட்டினாள், எண்ணினாள், மறுபடியும் "மிச்சம் நாளைக்கு" என்றேன். ஆவல் ஏறி வெள்ளிக்கிழமை வெடிக்கும் என்று நினைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமையே தூண் அட்டையை அவள் டின்னில் போடவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை கோகிலா அவளைக் கூட்டிவரவில்லை. போன் செய்தால், "நீங்க ஒருக்கா ஊட்டுக்கு வந்து பாருங்க டீச்சர்" என்றாள். குரல் சரியில்லை. மதியம் பஸ் பிடித்துப் போனேன். அன்றைக்கு அங்கே மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. தறிச் சத்தமே இல்லாத தறிக்காரர் வீடு எனக்கு என்னமோ போல் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தாரணி கூடத்துத் தூணோடு ஒட்டி நின்றாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பாருங்க டீச்சர், இப்பத் தட்டுவா" என்றாள் கோகிலா மெதுவாக.

டொக், டொக், டொக். அவள் கட்டைவிரல் கணுக்களைத் தொட்டு நகர்ந்தது. நானும் எண்ணினேன், பழக்கதோஷம். என் ஒரு கை தூணின் மேல் இருந்தது. பத்து.

தூணுக்குள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது. உள்ளங்கையில்தான் தெரிந்தது. ஒரே சீராக, இவள் தட்டிய அதே இடைவெளியில். தாரணி முகத்தில் சிரிப்பு இல்லை, பயமும் இல்லை. நாம் பேசுகிற ஒருவர் பதில் சொன்னால் தலையாட்டுவோமே, அப்படி ஒரு முறை தலையாட்டினாள். நான் கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"குடோன்ல யாராச்சும் இருக்காங்களா?"

"பூட்டித்தான் கெடக்குதுங்க. கரண்ட் இல்லைன்னு அவுரு மாடு பாக்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிட்டாருங்க" என்றாள் கோகிலா. "திங்கக்கெழம பொழுதோட ஆரம்பிச்சுதுங்க டீச்சர். சொன்னா என்னைய ஒரு மாதிரி நெனப்பீங்கன்னுதான் சொல்லாம இருந்துபோட்டேன்."

நான் போய்ப் பூட்டை இழுத்தே பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. "வெயில்ல உள்ள கம்பி விரியுமுங்க, அதான்" என்று சொல்லிவைத்தேன். வெயிலா! காலையிலிருந்து தூறல். கோகிலா என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

கையில் பை இருந்தது, பையில் மிச்ச அட்டைகள் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து கதையை முடித்திருக்கலாம். பயம் ஒரு பக்கம். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். இன்னும் இரண்டே நாள், வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அவள் மறுபடி தட்டுவது கேட்டது. எண்ணாமல் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. எஸ்தர் மேடம் பயணக் களைப்போடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன், தாரணி தட்டினாள், எண்ணினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னாலிருந்து கையை விரித்து வந்தேன். தாரணி என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆள் வீடு மாறி வந்துவிட்ட மாதிரி பார்த்தாள். அப்புறம் திரும்பி நடந்துபோய்விட்டாள்.

அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு சால்வையை மடித்தேன். மேடம் ரெக்ஸின் பட்டையை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது இடம் காலி.

"தூணு எங்கீங்க?"

"அவ கையிலயே வெச்சிருக்காங்க மேடம். திங்கக்கெழமையிலருந்து."

"திங்கக்கெழமையிலருந்து கதை முடியலைங்களா?" குரல் தணிந்துவிட்டது. "அஞ்சு நாளா அந்தப் புள்ள தனியா கதைக்குள்ள நிக்குதுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கோகிலா ஓடிவந்தாள். "டீச்சர், தாரணியக் காணோமுங்க." பெற்றோருக்கு டீ கொடுக்கிற சந்தடியில் யாரோ கேட்டைத் திறந்து போட்டிருக்கிறார்கள். மணி ஆறாகப் போகிறது. தெருவில் வண்டிகள் விளக்கைப் போட ஆரம்பித்துவிட்டன. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். கோகிலா மெயின் ரோட்டுப் பக்கம், பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். கத்தாமல் என்ன செய்வாள்?

நானும் மேடமும் கேட்டில் நின்றபோதுதான் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக், டொக், டொக். நடுவில் இருந்த இடைவெளியை நான் எண்ணவே வேண்டியதில்லை.

அடுத்த மனையில் ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருந்தது. தூண்களும் தளமும் மட்டும்தான், சுவர் இன்னும் வைக்கவில்லை. வேலையாட்கள் போய்விட்டார்கள், வாட்ச்மேனைக் காணோம். அண்ணாந்து பார்த்தேன். முதல் மாடித் தளத்தின் விளிம்பில் ஒரு தூண். தூணுக்கு வெளிப்பக்கம், ஒன்றரை அடி அகல சன்ஷேடின் மேல் தாரணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சென்ட்ரிங் பலகைத் துண்டு, அதனால்தான் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே கம்பிக் கட்டும் ஜல்லியும்.

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. தரையும் இல்லை, வானமும் இல்லை. பொழுது அப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது. நான் ஐந்தாவது அட்டையில் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் தப்பில்லாமல் ஒன்றாகச் சேர்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். அடுத்த தட்டுக்கும் பதில் வராவிட்டால் இன்னும் அரை அடி சுற்றி வந்து தட்டுவாள். அந்த அரை அடி அங்கே இல்லை.

"பேர் சொல்லிக் கூப்புடாதீங்க" என்றார் மேடம். "கதைய முடிங்க. நீங்க இங்கிருந்து கேளுங்க, நான் மேல போறேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி இல்லாத படியை நோக்கி நடந்தார்.

அண்ணாந்தபடியே கேட்டேன். "எங்கே இருக்கிறான்?"

தாரணி விரலை நீட்டித் தூணைக் காட்டினாள்.

"இந்தத் தூணில் இருக்கிறானா?"

மூன்று தட்டு. பலகையைக் கீழே விட்டாள், அது ஜல்லியில் விழுந்தது. கட்டைவிரல் நகர ஆரம்பித்தது. நானும் எண்ணினேன். நாலு, அஞ்சு. மேடம் இந்நேரம் எத்தனை படி ஏறியிருப்பார்? ஏழு. அவள் ஒரு காலை நகர்த்தினாள். எட்டு. கர்த்தரே, நரசிம்மா என்று யார் யாரையோ வேண்டினேன். ஒன்பது. பத்து.

மேலே, தூணுக்குள் மூன்று தட்டு கேட்டது. இந்த முறை சத்தமாகவே, கீழே நின்ற எனக்கே.

தாரணி தலையாட்டினாள். தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வந்த வழியே சுற்றித் தளத்துக்குள் போய்விட்டாள். மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார், பின்னாலிருந்து அவர்தான் தட்டினார், பிள்ளை பிழைத்தது என்று அழுதுகொண்டே படியேறி ஓடினேன். திருப்பத்தில் கால் இடறியது. எஸ்தர் மேடம் அங்கே, ஏழாவது எட்டாவது படியில், மேல்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல்.

"யாருங்க தட்டுனது?" என்று என்னைக் கேட்டார்.

அவரைத் தாண்டி மேலே போனேன். போகத்தான் வேண்டும், பிள்ளை மேலே இருக்கிறது.

தளத்தில் வேறு யாரும் இல்லை. தாரணி தூணுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பளிக்குள் மடியில் உட்காருகிற அதே மாதிரி, கால்களை மடக்கி, கைகளை நெஞ்சோடு சேர்த்து, நன்றாகப் பின்னால் சாய்ந்து. தூணில் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனபோது, அவள் முதுகுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்தச் சாய்வில் ஒரு பிள்ளை உட்காரவே முடியாது, பின்னால் விழுந்துவிடும். அவள் விழவில்லை. கண்கள் சொக்கி, மூச்சு நீளமாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய மூச்சு மட்டும்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

பாய்ந்து தூக்கத்தான் கை போனது. "இருங்க" என்று படியிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அவ முடிக்கட்டும்." அந்த ஒன்றிரண்டு நிமிஷம் நான் அந்த இடைவெளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தாரணி தானாக எழுந்து வந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் முழுசாக இருட்டிவிட்டது.

மையத்துக்கு வந்ததும் பட்டையில் இருந்த மற்ற அட்டைகளை அவளே பிய்த்து டின்னில் போட்டாள். டங், டங் என்று ஐந்து சத்தம். தூண் அட்டையை மட்டும் போடவில்லை. கோகிலா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மேடம் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டையும் பென்சிலையும் நீட்டி, "என்ன தப்புன்னு எழுதுங்க" என்றார். 'கண்காணிப்புக் குறைவால் குழந்தை வெளியேறியது' என்று எழுதினேன். அழிரப்பரால் அழித்தார். 'கேட் திறந்திருந்தது' என்று எழுதினேன். அதையும் அழித்தார். மூன்றாவது தடவை, நான் செய்ததை அப்படியே எழுதி, கடைசியில் அந்தச் சட்டத்தையும் எழுதினேன். படித்துவிட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு சிவப்புப் பேனா எடுத்துக் கொடுத்தார். "இந்த வரிய மட்டும் இதுல எழுதுங்க." அவரிடம் பேனா இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் எழுதி முடித்த பிறகு, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பென்சிலால் அடியில் இரண்டு சொல் எழுதினார். நிவேதா, நீ பார்த்தது அதைத்தான். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அவர் சாகும்வரை பேசவில்லை.

தாரணி அதற்கப்புறம் எந்தத் தூணையும் தட்டவில்லை. காதையும் வைக்கவில்லை. அவளுக்குக் கதை முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை, ஆனால் அட்டை காட்டிக் கேட்பாள், கூட்டத்தில் உட்காருவாள். இப்போது இருபதை நெருங்குகிறாள். அப்பாவின் குடோனில் நூல் கோன்களை நிறவாரியாக அடுக்குவது அவள் வேலை. ஒரு கோன் மாறாதாம்.

நான் ஓய்வு பெற்ற அன்று கோகிலா அவளைக் கூட்டிவந்திருந்தாள். மாலை, சால்வை, ஸ்வீட் எல்லாம் முடிந்து ஹால் காலியாகிக்கொண்டிருந்தபோது, தாரணி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நடுத்தூணுக்குக் கூட்டிப்போனாள். என் உள்ளங்கையை எடுத்துத் தூணின் மேல் வைத்தாள். மூன்று முறை தட்டினாள். பிறகு என் கண்ணையே பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

எண்ணினேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் முறை எண்ணியிருப்பேன்! ஆறு. ஏழு. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எட்டு. தூண் சில்லென்று இருந்தது, அப்புறம் சில்லென்று இல்லை.

ஒன்பதில் கையை எடுத்துவிட்டேன்.

தாரணி கோபப்படவில்லை. சுடிதார்ப் பையிலிருந்து அந்தத் தூண் அட்டையை எடுத்தாள். மூலைகள் தேய்ந்து, படம் வெளிறிப்போயிருந்தது. பிஸ்கட் டின் பக்கத்து மேசையிலேயே இருந்தது. அதில் போடவில்லை. என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, அம்மாவோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

யார் பதில் சொன்னது என்று கேட்டாய், நிவேதா. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு எண் பாக்கி இருந்தது. அட்டை இப்போது என் பீரோவில் இருக்கிறது. நான் குடியிருக்கிற வீட்டிலும் கூடத்தில் ஒரு தூண் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறேன். பிஸ்கட் டின்னை மட்டும் பழைய சாமானோடு போட்டுவிடாதே. என்றைக்காவது எனக்குத் தைரியம் வந்தால் வேண்டியிருக்கும்.